ஒன்பது தாள் ஆழம்: ஒரு கடலைக் காகிதத்தில் வெட்டின கதை

இந்த எபிசோடோட முதல் இருபது நொடியில பேச்சே கிடையாது, ஒரு சத்தம் மட்டும்தான். கேட்டவங்களுக்கு யாரோ தரையைச் சுரண்டுற மாதிரி இருந்திருக்கும். படிக்கிறவங்களுக்காகச் சொல்லிடறேன்: அது 250 ஜிஎஸ்எம் தாளை ஒரு சின்னக் கத்தி வெட்டுற சத்தம். முதல் பத்து நொடி புது பிளேடு. ஜிப்பை மெதுவாத் திறக்கிற மாதிரி, கிட்டத்தட்ட சத்தமே இல்லை. அடுத்த பத்து நொடி மழுங்கின பிளேடு, கரகரன்னு இழுக்கும். அந்தக் கரகர வந்துட்டா பிளேடை மாத்தணும். மாத்தாம இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரே ஒரு வளைவுன்னு போனீங்கன்னா தாள் கிழியும். கிழிஞ்ச தாளை ஒட்டலாம், ஆனா வெளிச்சத்துல அந்தத் தழும்பு தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

இந்தத் தடவை அடுக்குக் காகிதக் கலை பத்திப் பேசப் போறேன். தாளை வெட்டி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இடைவெளி விட்டு அடுக்கி, ஆழமா ஒரு படம் செய்றது. யூடியூப்ல "லேயர்டு பேப்பர் கட்"னு தேடினா மலை, நிலா, மான் நிக்கற காடு, பின்னாடி ஒரு எல்இடி பல்பு, இதுதான் வரும். அழகாத்தான் இருக்கும். நானும் அந்த மானை வெட்டித்தான் கத்துக்கிட்டேன். ஆனா இன்னைக்கு நான் சொல்லப்போறது மான் இல்லை, கடல். கோவளம் கடல். எங்க அப்பாவோட கடல்.

நான் சிறுசேரியில ஒரு கம்பெனியில ஸ்கிரீன் டிசைன் பண்றேன். வீடு கோவளம் குப்பத்துல. அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல கடலுக்குப் போனவர்; முதல்ல கட்டுமரம், அப்புறம் ஃபைபர் போட். நான் பொண்ணுங்கறதால என்னை ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்லை. அது அப்போ எங்களுக்கு ஒரு கேள்வியாவே தோணல, அவருக்கும் சரி, எனக்கும் சரி. அவருக்குக் கண்ணுல கிளாக்கோமா. வலி இல்லாத நோய்ங்கறதால தாமதமாத்தான் தெரிஞ்சுது. பக்கவாட்டுப் பார்வைதான் முதல்ல போகும். நடுவுல மட்டும் ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி கொஞ்சம் மிஞ்சும். இப்போ அந்த நடுவும் மங்கல். கடலுக்குப் போறது நின்னு போச்சு. சாயங்காலம் மணல்ல உக்காந்து சத்தத்தை வெச்சே யாரோட போட் வருதுன்னு சொல்லுவார்.

ஒரு நாள் எனக்குத் தோணிச்சு. தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு இந்த மனுஷனுக்குத் தெரியும். எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவர்கிட்ட கேட்டு வெட்டிப் பாக்கலாமேன்னு.

சரி, முதல்ல அடிப்படை. ரெண்டு தாளை ஒண்ணு மேல ஒண்ணா நேரா ஒட்டிட்டா அது அடுக்கு ஆகாது. 250 ஜிஎஸ்எம் தாளோட தடிமன் மி.மீட்டர்ல மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. அந்த விளிம்பு போடுற நிழல் கண்ணுக்குத் தெரியாது; கோடு வரைஞ்ச மாதிரிதான் இருக்கும். நடுவுல 5 மி.மீ ஃபோம் போர்டுல சின்னச் சின்னத் துண்டு வெச்சுத் தூக்கிப் பாருங்க. மேல் தாளோட விளிம்பு கீழ்த் தாள்ல நிழல் போடும். கண்ணு அந்த நிழலைத்தான் ஆழம்னு படிக்குது. ஆழமாப் போகப் போக வெளிச்சம் உள்ள வர்றது குறையும். அதனால எல்லாத் தாளும் ஒரே வெள்ளையா இருந்தாலும் கடைசித் தாள் சாம்பலாத் தெரியும். என் கடல்ல நான் நீலமே பூசல. ஒன்பது வெள்ளைத் தாள், எட்டு இடைவெளி, அவ்வளவுதான். கலர் கலரா அடுக்குறவங்களைக் குறை சொல்லல. ஆனா வெள்ளையில செஞ்சாதான் இந்தக் கலை எதை வெச்சு ஓடுதுன்னு புரியும்: காகிதம் பாதி, காத்து பாதி.

அடுத்தது, இதுல எல்லாரும் முதல்ல தடுக்கி விழுற இடம். லாரி நம்பர் எழுதத் தகடு வெட்டுவாங்க பாத்திருக்கீங்களா? அதுல 8 வெட்டினா நடுவுல இருக்கற ரெண்டு வட்டமும் கீழ விழுந்துடும். அதைப் பிடிச்சு வைக்க ஒரு மெல்லிசான இணைப்பு விடணும். வெட்டுறவங்க அதைப் பாலம்னு சொல்லுவாங்க. ஒத்தைத் தாள் கலை எல்லாமே இந்தப் பாலத்தோட கலைதான். எங்க வெட்டறோம்ங்கறதை விட எங்க வெட்டாம விடறோம்ங்கறதுதான் கஷ்டம்.

மதுரா, பிருந்தாவன் பக்கம் சாஞ்சின்னு ஒரு கலை இருக்கு. கிருஷ்ணன் கதையைத் தாள்ல ரொம்ப நுணுக்கமா வெட்டி, தரையில வெச்சு மேல கலர்ப்பொடி தூவி எடுப்பாங்க. தண்ணி மேலயும் செய்வாங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தாள் வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துற மாதிரி மாத்தி மாத்தி வைப்பாங்க. அதுவும் அடுக்குதான், என்ன, தாளை எடுத்துடறாங்க, நிறம் மட்டும் தங்குது. நம்ம ஊர் தோல்பாவையை எடுத்துக்கோங்க. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, நகை வர்ற இடம், புடவைக் கரை வர்ற இடம் எல்லாம் சின்னச் சின்னத் துளையாக் குத்தியிருப்பாங்க. பின்னால விளக்கு வெச்சா அந்த ஓட்டைதான் நகையா மின்னும். இல்லாத இடம்தான் அங்க தங்கம்.

எனக்கு முதல் பாடம் இதெல்லாம் இல்லை. டிசம்பர் மாசம் எங்க தெருவுல கட்டுற கிறிஸ்துமஸ் ஸ்டார். அட்டையில ஓட்டை ஓட்டையா வெட்டி, பின்னால கலர்க் கண்ணாடிப் பேப்பர் ஒட்டி, உள்ள ஒரு பல்பு. பாலம் விடாம வெட்டி எத்தனை அட்டையை நாசம் பண்ணியிருக்கேன்னு எங்க அம்மாவைக் கேட்டாத் தெரியும்.

அடுக்குக் கலையில ஒரு வசதி: கீழ விழுற துண்டை அடுத்த தாள் மேலயே ஒட்டிடலாம். பாலம் தேவையில்லை. கடலுக்கு நடுவுல தீவு வேணுமா, துண்டை எடுத்து வெச்சா முடிஞ்சுது. இது பின்னால முக்கியமா வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

கருவிகள் பத்தி நிறைய பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். பேனா மாதிரி பிடி, 11-ம் நம்பர் பிளேடு ஒரு பாக்கெட், கீறல் விழாத வெட்டுப் பாய், இரும்பு ஸ்கேல். தாளுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. ஆன்லைன்ல தாளைத் தொட்டுப் பாக்க முடியாது. வெட்டும்போது உள்ளே இருக்கற சின்ன வேலையை முதல்ல முடிச்சிட்டு, பெரிய வெளி வளைவைக் கடைசியா வெட்டணும். வெட்ட வெட்ட தாளுக்குத் தெம்பு குறையும். கையைத் திருப்பாதீங்க, தாளைத் திருப்புங்க. எல்லாத் தாள்லயும் நாலு மூலையில ஒரே இடத்துல ஊசித் துளை போட்டு வெச்சா அடுக்கும்போது நகராது.

ஆனா கடற்கரையில இருக்கறவங்களுக்குன்னு ஒரு பிரச்சினை இருக்கு, எந்த வீடியோவுலயும் இதைச் சொல்ல மாட்டாங்க: ஈரக்காத்து. காகிதத்துக்கு நார் ஓடுற திசைன்னு ஒண்ணு உண்டு. நியூஸ்பேப்பரைக் கிழிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் நேராக் கிழியும், இன்னொரு பக்கம் கோணலாப் போகும். நேராக் கிழியுறதுதான் நார் திசை. ஈரம் பட்டா தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகமா உப்பும். நான் முதல்ல செஞ்சதுல ஒரு தாள் இப்படி, ஒரு தாள் அப்படின்னு கலந்து அடுக்கிட்டேன். நவம்பர் மழையில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் வளைஞ்சு, மூணாவது தாள் ரெண்டாவதை முட்டிக்கிட்டு நின்னுச்சு. இப்போ எல்லாத் தாளும் ஒரே நார் திசை. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வீட்டுலயே விரிச்சு வெச்சுடுவேன், எங்க வீட்டு ஈரம் அதுக்குப் பழகட்டும்னு. தண்ணி கலந்த பசை வேண்டாம், ரெண்டு பக்கம் ஒட்டுற டேப் போதும். மைதா பசை சுத்தமாக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு விருந்து வெச்ச மாதிரி.

இப்போ கடலுக்கு வருவோம். கடலடி ஆழத்தோட கணக்கு கெப்கோங்கற சர்வதேசத் திட்டத்துல இலவசமாவே கிடைக்குது, உலகம் பூராவுக்கும். நான் கோவளம் பக்கம் மட்டும் எடுத்துக்கிட்டேன். 60 செ.மீ அகலத் தாள்ல 12 கி.மீ கடல், அதாவது 20,000-ல ஒரு பங்கு. ஆழத்தை மீட்டர்ல வெட்டல, பாகத்துல வெட்டினேன். அப்பா பேசுற கணக்கு அதுதான். கல்லு கட்டின கயித்தை மேல இழுக்கும்போது ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். இதுல ஒரு வேடிக்கை: பழைய ஆங்கில வரைபடங்கள்ல வர்ற ஃபேதம்ங்கற அளவும் அதேதான். அந்தச் சொல்லுக்கே மூலத்துல விரிச்ச கைன்னுதான் அர்த்தம். ஆறு அடி, சுமார் 1.83 மீட்டர். எங்கயோ இருக்கற மாலுமியும் எங்க அப்பாவும் ஒரே மாதிரி கையை விரிச்சுத்தான் கடலை அளந்திருக்காங்க.

ஒரு தாளுக்கு ரெண்டு பாகம். கரை மேல் தாள். அதுல கடல் அளவுக்கு ஒரு பெரிய ஓட்டை. அடுத்த தாள்ல அதைவிடச் சின்ன ஓட்டை. இப்படியே இறங்கி ஒன்பதாவது தாள்ல ஓட்டை இல்லை. அதுதான் அடி, 16 பாகம், ஏறக்குறைய 29 மீட்டர். கோவளம்னாலே கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற நிலம்னு அர்த்தம். மேல் தாளை வெட்டும்போது அந்த மூக்கை வெட்டினது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பேரையே வெட்டற மாதிரி.

இங்க ஒரு பொய்யை ஒத்துக்கணும். 12 கி.மீட்டரைச் சுருக்கின அதே விகிதத்துல ஆழத்தையும் சுருக்கினா மொத்த ஆழமும் ஒன்றரை மி.மீதான் வரும். கடல்ங்கறது உண்மையில ஒரு தாம்பாளத்துல படிஞ்ச தண்ணி மாதிரி. நான் அதைக் கிட்டத்தட்ட 27 மடங்கு தூக்கியிருக்கேன். எல்லா அடுக்கு வரைபடமும் இப்படித்தான் செய்யும். செய்யலைன்னா பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.

வெட்டி அடுக்க ரெண்டு மாசம் ஆச்சு, ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி மட்டும். முடிச்சதும் கண்ணாடி போடாம அப்பா மடியில வெச்சேன். அவருக்கு அது ஒரு வெள்ளை மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும். கையை வெச்சார். கரையைத் தடவினார், மூக்கைக் கண்டுபிடிச்சார், சிரிச்சார். அப்புறம் விரல் படி படியா இறங்கிச்சு. "நாலு... ஆறு... இங்க எட்டு"ன்னு எண்ணிக்கிட்டே போனார். நான் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தேன்.

காகிதத்தைத் தொட்டுப் பாக்கறதுன்னா எனக்கு பினோத் பிஹாரி முகர்ஜி ஞாபகம் வருவார். சாந்திநிகேதன்ல ஓவிய ஆசிரியர். சத்யஜித் ராய் அவர்கிட்ட படிச்சவர். பிறக்கும்போதே ஒரு கண்ணுல பார்வை இல்லை, இன்னொண்ணுல கடுமையான கிட்டப்பார்வை. ஐம்பது வயசைத் தாண்டினப்புறம், ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருந்ததும் போயிடுச்சு. அவர் நிறுத்தல. கலர்த் தாளை மடிச்சு, வெட்டி, ஒட்டி உருவம் செய்ய ஆரம்பிச்சார். தாளோட விளிம்பு விரலுக்குத் தெரியும், பென்சில் கோடு தெரியாதே. 1972-ல ராய் அவரைப் பத்தி 'தி இன்னர் ஐ'ன்னு ஒரு ஆவணப்படம் எடுத்தார். மத்தீஸும் அப்படித்தான், 1941-ல பெரிய அறுவை சிகிச்சை, அப்புறம் சக்கர நாற்காலி, கையில கத்திரிக்கோல். காகித வெட்டை ஒரு பொழுதுபோக்கு மாதிரி பேசுறவங்ககிட்ட நான் முதல்ல இந்த ரெண்டு பேரைத்தான் சொல்லுவேன். ஆனா மத்தீஸுக்குக் கண்ணு இருந்துச்சு. எனக்கு பினோத் பிஹாரிதான் நெருக்கம்.

சரி, அப்பாவோட விரல் ஒரு இடத்துல நின்னுச்சு. முன்ன பின்ன தடவினார். "பாப்பா, இங்க ஒண்ணும் இல்லியே?"

"என்னப்பா இருக்கணும்?"

"பாறை. இங்க பாறை இருக்கு. சங்கராவும் கலவாவும் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே, உன் ஸ்கூல் ஃபீஸு?"

நான் லேப்டாப்பைத் திறந்து பாத்தேன். கெப்கோவுல ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் சுமார் 450 மீட்டர். என் தாள்ல அது ரெண்டேகால் செ.மீ. அந்த ரெண்டேகால் செ.மீக்குள்ள ஒரு பாறை இருந்தா கணக்குல காணாமப் போயிடும். கம்ப்யூட்டர் அந்த இடத்தை வழவழன்னு இழுத்து விட்டிருந்தது. நானும் அந்த வழவழப்பை ரொம்ப அழகா, ஒரே மூச்சுல, பிசிறில்லாம வெட்டி வெச்சிருந்தேன். அந்த வளைவு எனக்கு ரொம்பப் பிடிச்ச வளைவு வேற.

அப்பாவுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்? கரையில ரெண்டு அடையாளத்தை ஒரே கோட்டுல நிறுத்தணும், இன்னொரு பக்கம் இன்னும் ரெண்டை நிறுத்தணும். ரெண்டு கோடும் வெட்டுற இடம் அது. சர்ச் கோபுரம் ஒண்ணு. மத்ததைச் சொல்லமாட்டேன். பழைய அடையாளம் சிலது மறைஞ்சு, இப்போ புதுசா எழும்பின அடுக்குமாடிகளே அடையாளமா வந்துடுச்சாம்.

நான் உடனே உற்சாகமாயிட்டேன். துண்டு வெட்டி ஒட்டிடலாம், பாலமே தேவையில்லையே! அடுத்த மாசம் முட்டுக்காடு பக்கம் ஒரு சின்னக் கூடத்துல கண்காட்சி, அதுல வைக்கலாம்னு வேற சொன்னேன். அப்பா முகம் மாறிச்சு.

"வெளிய வெக்கறதா இருந்தா அது வேணாம்."

அப்போதான் எனக்கு உறைச்சது. அது அவரோட இடம் மட்டும் இல்லை. அவர் கூடப் போனவங்க பிள்ளைங்க இன்னைக்கும் அங்க போறாங்க. ஜிபிஎஸ் வந்துடுச்சுதான், ஆனா அந்த எண்ணை யாரும் யாருக்கும் காட்டறதில்லை. நான் அளவெடுத்து, விகிதம் போட்டு, சட்டம் மாட்டிச் சுவத்துல தொங்கவிடப் பாக்கறேன். போட்டோ எடுக்கறவங்க வருவாங்க. இன்னொரு பக்கம், பாறை இல்லாத அந்தத் தாள் எனக்குப் பொய்னு தெரிஞ்சுபோச்சு. 27 மடங்கு தூக்கின பொய்யை என்னால தாங்க முடிஞ்சுது, இதைத் தாங்க முடியல. அப்பா ஒரு வழி சொன்னார்: "அரை மைல் தள்ளி வை. வர்றவன் வந்து தேடட்டும்." சொல்லிட்டு அவருக்கே சிரிப்பு. எனக்கு அதுவும் மனசு ஒப்பல.

திருவான்மியூர்ல இருக்கற தாரா புக்ஸ் போட்ட ஒரு புத்தகம் என் அலமாரியில இருக்கு, 'ஐ சா எ பீகாக் வித் எ ஃபையரி டெய்ல்'. கோண்டு ஓவியர் ராம்சிங் உர்வேதி வரைஞ்சது. பக்கங்கள்ல ஓட்டை வெட்டியிருக்கும்; ஓட்டை வழியா அடுத்த பக்கத்துல ஒரு துண்டு மட்டும் தெரியும், பக்கத்தைத் திருப்பினா அதே துண்டு வேற எதோடயோ சேர்ந்து வேற அர்த்தம் ஆயிடும். அதைப் புரட்டிக்கிட்டு இருந்தப்போதான் தோணிச்சு. இவ்வளவு நாள் நான் ஓட்டையைப் பத்தி மட்டும் யோசிச்சிருக்கேன், எதைக் காட்டலாம்னு. ஒரு தாள் தன் பின்னால இருக்கறதை மறைக்கவும் செய்யுதே. அடுக்குன்னா பாதி வேலை அதுதான்.

அதனால ஒன்பதாவது தாளைக் கழட்டினேன். அதுக்கு பதிலா கொஞ்சம் மெல்லிசான கைத்தாள் எடுத்துக்கிட்டேன். பாறையை மூணு சின்னத் துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, அந்தத் தாளுக்கு அடியில, சரியான இடத்துல வெச்சேன். தாளை லேசா ஈரப்படுத்தி, கரண்டிக் காம்பால மேல அழுத்தித் தேய்ச்சுக் காயவிட்டேன். மேல இருந்து பாத்தா வெள்ளைத் தாள். விரல் வெச்சா ஒரு சின்ன மேடு. வெள்ளை மேல வெள்ளையைக் காட்டறது நிழல் மட்டும்தான். விளக்கு நேர் எதிர்ல இருந்து அடிச்சா அந்த மேட்டுக்கு நிழலே விழாது. பக்கவாட்டுல வெளிச்சம் வந்தா மாட்டிக்கும். கூடத்துல விளக்கு போட்ட தம்பிகிட்ட, "தயவுசெஞ்சு நேரா அடிங்க"ன்னு கேட்டுக்கிட்டேன். "அப்படி அடிச்சா ஆழமே செத்துடுமே அக்கா"ன்னார். தொழில் தெரிஞ்ச பையன், சொன்னது நூத்துக்கு நூறு சரி. பரவால்லைன்னேன். மேல இருக்கற எட்டுத் தாளும் கொஞ்சம் தட்டையாத்தான் தெரிஞ்சுது.

கண்காட்சி மூணு நாள். முடிஞ்சு படம் வீட்டுக்கு வந்துட்டதால இதை இப்போ உங்ககிட்ட சொல்றேன். கடைசி நாள் அப்பாவோட பழைய கூட்டாளி ஒருத்தர், எனக்கு சித்தப்பா முறை, வந்திருந்தார். படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னார். தலையை ஒரு பக்கம் சாய்ச்சார், இன்னொரு பக்கம் சாய்ச்சார். கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு இடத்தைக் காட்டினார்.

"அண்ணே, இங்க ஒண்ணு இருக்கணுமே?"

அப்பா நாற்காலியில உக்காந்தபடியே கேட்டார்: "எங்க?"

சித்தப்பா விரலை மடக்கிக்கிட்டார். "இல்லண்ணே, சும்மா கேட்டேன்"ன்னுட்டு என்னைப் பாத்து, "டீ இருக்காம்மா?"ன்னார்.